கொய்னா போதவில்லை, காண் வெட்டினார்: தோட்டப்புறக் காய்ச்சலின் வேரைத் தேடிய மருத்துவர் மால்கம் வாட்சன்

தோட்டப்புறத்தில் வளர்ந்த மூத்தவர்களுக்குக் 'கொய்னா' என்ற சொல்லே கசக்கும். அதிகாலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தி, கிராணியோ டிரெசரோ கண்ணெதிரே விழுங்க வைத்த மருந்து அது. குளிர்க்காய்ச்சல், நடுக்கக் காய்ச்சல், முறைக்காய்ச்சல் என்று நம்மவர்கள் பல பெயரிட்டு அழைத்த மலேரியாவுக்கு அக்காலத்தில் இருந்த ஒரே மருந்தும் அதுதான்.

அந்த மருந்தை மட்டும் நம்பினால் தோட்டங்களில் சாவு நிற்காது என்பதை எண்ணிக்கைகளைக் கொண்டு நிறுவிய மருத்துவர் ஒருவர் சிலாங்கூரில் இருந்தார். அவர் பெயர் மால்கம் வாட்சன். ஸ்காட்லாந்துக்காரர். கிள்ளான் மாவட்ட மருத்துவராக இங்கு வந்து, ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கும் மேல் மலாயாவில் பணியாற்றினார். தொற்றுநோய் ஓரிடத்தில் ஏன் பரவுகிறது, இன்னோரிடத்தில் ஏன் பரவுவதில்லை என்று ஆராயும் துறையில் உலகம் பின்பற்றிய பாடங்கள் சிலவற்றை அவர் கிள்ளான் சதுப்பிலும் தோட்டத்து லயங்களிலும்தான் கற்றுக்கொண்டார்.

அவர் எண்ணிய நோயாளிகளில் பெரும் பங்கினர் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளர்களும் அவர்களின் பிள்ளைகளும். ஆகவே அவருடைய பணி வரலாறு நம் குடும்பங்களின் வரலாறும் ஆகும்.

புதிய மருத்துவர், புதிய உண்மை

வாட்சன் 1873-இல் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1900-இல் மலாயா மருத்துவச் சேவையில் சேர்ந்து, 1901-இன் தொடக்கத்தில் கிள்ளானுக்கு அனுப்பப்பட்டார்.

அவர் வந்து சேர்ந்த காலம் முக்கியமானது. மலேரியா கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ரோஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்து, கொசுக்கடியால்தான் நோய் பரவுகிறது என்று காட்டினார். மனிதனுக்கு நோயைக் கொண்டு வருவது அனோபிலிஸ் என்னும் கொசு இனம் என்பதை இத்தாலிய ஆய்வாளர்கள் உறுதி செய்தனர்.

ஆக, வாட்சன் கிள்ளானில் காலெடுத்து வைத்தபோது இந்த உண்மைக்கு வயது நான்குதான். கொசுவை ஒழித்தால் நோயை ஒழிக்கலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஒரு நகரம் முழுவதும் அதைச் செய்து காட்டியவர்கள் மிகச் சிலரே.

கிள்ளானில் மரணக் கணக்கு

அன்றைய கிள்ளான் சின்ன நகரம். மூவாயிரத்து ஐந்நூறு சொச்சம் பேர் வாழ்ந்தனர். தாழ்ந்த குன்றுகளுக்கு நடுவே சதுப்பு நிலம்; வீடுகளுக்குப் பக்கத்திலேயே காடு. ஆற்று முகத்தில் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், கண்டல் காட்டை வெட்டி எழுப்பிய துறைமுகம்.

திறந்த சில வாரங்களிலேயே துறைமுகத்தில் காய்ச்சல் பரவியது. கூலியாட்கள், அலுவலர்கள் என்று வேறுபாடின்றி விழுந்தார்கள். துறைமுகத்தை மூடிவிடலாமா என்று அரசாங்கமே யோசிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் 1901-இல் மட்டும் 582 பேர் மாண்டனர். அதில் 368 பேரின் மரணம் காய்ச்சலால் நேர்ந்தது என்று பதிவானது.

வாட்சன் கேட்டது பெரிய மருத்துவமனையை அல்ல. சதுப்பை வடிக்கக் காண் வெட்டவும், வீடுகளைச் சுற்றியிருந்த புதர்க்காட்டை அழிக்கவும், துறைமுகத்தில் கடல்நீர் ஏறாமல் வரப்பு கட்டவும் பணம் கேட்டார். அரசாங்கம் ஒப்புக்கொண்டது. சாதாரண மண் காண்கள்தான். நீர் தேங்காமல் ஓடினால் போதும், கொசு முட்டையிட இடமில்லாமல் போகும் என்பதே கணக்கு.

பலன் உடனே தெரிந்தது. அந்த இரண்டு இடங்களிலும் காய்ச்சலால் மாண்டவர்கள் 1902-இல் 59 பேர். 1905-இல் 45 பேர்.

இந்தப் பதிவில் இன்னொரு வரியும் இருந்தது. காய்ச்சல் அல்லாத பிற நோய்களால் இறந்ததாக எழுதப்பட்டவர்கள் 1901-இல் 214 பேர். 1905-இல் 68 பேர். வயிற்றுப்போக்கு, சோகை, உடல் வீக்கம் என்று பதிவேட்டில் வெவ்வேறு பெயரில் இருந்த பல மரணங்களுக்கு அடியில் மலேரியாவே இருந்திருக்கிறது என்று வாட்சன் இதிலிருந்து உணர்ந்தார். கொசு குறைந்தபோது அந்தச் சாவுகளும் சேர்ந்தே குறைந்தன.

ஒப்பிட்டுப் பார்க்கும் கலை

இறப்பு குறைந்தது சரி. அதற்குக் காரணம் காண்தான் என்று எப்படிச் சொல்வது? மழை குறைந்திருக்கலாம். அந்த ஆண்டுகளில் நோயே தானாகத் தணிந்திருக்கலாம். தொற்றுநோய் ஆய்வாளர் எவரும் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி இது.

வாட்சனிடம் பதில் இருந்தது. மருத்துவமனைக்கு மலேரியாவுடன் வருபவர் ஒவ்வொருவரும் எந்த இடத்திலிருந்து வருகிறார் என்று அவர் பிரித்து எழுதி வைத்திருந்தார்.

கிள்ளான் நகரிலிருந்து 1901-இல் வந்தவர்கள் 334. அடுத்தடுத்த ஆண்டுகளில் அது 129, 48, 28 என்று இறங்கி, 1905-இல் 12 ஆனது. போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து வந்தவர்கள் 188-இலிருந்து 11-க்குக் குறைந்தனர். ஆனால் காண் வெட்டப்படாத மாவட்டத்தின் பிற பகுதிகளிலிருந்து வந்தவர்கள் 197-இலிருந்து 353-ஆக உயர்ந்தனர்.

மழை எல்லார் மேலும் ஒன்றாகத்தான் பெய்தது. ஒரே மாவட்டம், ஒரே வானம், ஒரே மருத்துவமனை. வேறுபாடு காண் மட்டுமே.

அதோடு அவர் நிற்கவில்லை. மருத்துவமனைக்கு வராதவர்களையும் தேடிப் போனார். 1904-இல் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தார். கிள்ளானில் 173 பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் கிருமி இருந்தது. போர்ட் சுவெட்டன்ஹாமில் 87 பேரில் ஒருவர். காண் வெட்டாத இடங்களிலோ 298 பேரில் 101 பேர். மூன்று பிள்ளைகளில் ஒன்று கிருமியைச் சுமந்துகொண்டு ஓடி விளையாடிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளின் வயிற்றில் எழுதப்பட்ட வரைபடம்

இரத்தச் சோதனைக்கு நுண்ணோக்கி வேண்டும், நேரமும் வேண்டும். அதைவிட எளிய வழி ஒன்றையும் வாட்சன் பரவலாகப் பயன்படுத்தினார். மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் மண்ணீரல் வீங்கும். பிள்ளையின் இடது விலாவுக்குக் கீழே கைவைத்து அழுத்தினால் அது கட்டியாகத் தட்டுப்படும். 'வயிற்றுக்கட்டி' என்று பெரியவர்கள் சொன்னதில் பெரும்பாலானவை இவைதான்.

தோட்டம் தோட்டமாகச் சென்று, லயத்துப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, நூற்றுக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று கணக்கெடுத்தார். பெரியவர்களைவிடப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பெரியவர் நேற்றுத்தான் வேறு தோட்டத்திலிருந்து மாறி வந்திருக்கலாம். நோயை அங்கேயே வாங்கியிருக்கலாம். சிறு பிள்ளை அந்த லயத்திலேயே பிறந்து வளர்வது. அதன் உடல் அந்த இடத்தைப் பற்றித்தான் பேசும்.

கடலோரச் சமவெளித் தோட்டங்களின் கணக்கை வரிசைப்படுத்தியபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. காட்டுச் சதுப்பின் ஓரத்தில் இருந்த லயங்களில் வீங்கிய மண்ணீரல் அதிகம். காட்டை விட்டுத் தூரம் கூடக்கூட எண்ணிக்கை இறங்கியது. ஒரே தோட்டத்தில், ஒரே சம்பளத்தில், ஒரே அரிசியை உண்டு வாழ்ந்த குடும்பங்கள். லயம் எங்கே கட்டப்பட்டது என்பதே பிள்ளை பிழைக்குமா என்பதைத் தீர்மானித்தது.

இதன் பொருள் சாதாரணமானது அல்ல. தமிழ்த் தொழிலாளிக்கு உடல் வலு இல்லை, உணவு சரியில்லை, துப்புரவு தெரியவில்லை என்று நோய்க்குத் தொழிலாளியையே காரணம் காட்டும் பேச்சு அன்றைய தோட்ட நிர்வாக வட்டாரத்தில் தாராளமாக இருந்தது. வாட்சனின் கணக்கு விரலை வேறு பக்கம் திருப்பியது. ஆளில் குறை இல்லை, ஆளைக் குடிவைத்த இடத்தில்தான் குறை என்று அது காட்டியது.

மலைத் தோட்டத்தில் தோற்ற வைத்தியம்

1908 வாக்கில் வாட்சன் அரசுப் பணியை விட்டு விலகி, தோட்டங்களின் மருத்துவராகப் பணியாற்றத் தொடங்கினார். ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். கடலோரச் சமவெளி நிரம்பியபின் முதலீட்டாளர்கள் உள்நாட்டுக் குன்றுகளை நோக்கி நகர்ந்தார்கள். காடு வெட்டப்பட்டது, பால்மரக் கன்றுகள் நடப்பட்டன, கப்பல் கப்பலாக ஆட்கள் இறங்கினார்கள்.

குன்றுப் பகுதி என்றால் சதுப்பு இல்லை. ஓடைநீர் தெளிவாக ஓடும். பார்க்க அழகான இடம்; ஆரோக்கியமான இடம் என்றே எவரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. காட்டை வெட்டிப் பள்ளத்தாக்குகளை வெயிலுக்குத் திறந்துவிட்ட பிறகு காய்ச்சல் பெருகியது. கிள்ளானில் வெற்றி தந்த அதே திறந்த காண்களை வெட்டியும் நோய் அடங்கவில்லை. கொய்னாவை வேளை தவறாமல் கொடுத்தும் பலன் போதவில்லை.

காரணம் கொசுவின் வகையில் இருந்தது. அனோபிலிஸ் என்பது ஒரே கொசு அல்ல, பெரிய குடும்பம். கடலோரச் சமவெளியில் நோயைப் பரப்பியது அனோபிலிஸ் அம்புரோசஸ். அது நிழலை நாடும். காட்டுச் சதுப்பின் தேங்கிய நீரில் முட்டையிடும். காட்டை வெட்டி நீரை வடித்தால் அழிந்துபோகும்.

குன்றுப் பகுதியில் நோயைப் பரப்பியது அனோபிலிஸ் மாக்குலாட்டஸ். இதன் குணம் நேர் எதிர். வெயில் படும் தெளிந்த ஊற்றுநீரிலும் மெல்ல ஓடும் ஓடையிலும் முட்டையிடும். அடர்ந்த காடு மூடிய பள்ளத்தாக்கில் அது பெருகுவதில்லை. காட்டை வெட்டிக் காண் தோண்டுவது அதற்கு வீடு கட்டிக் கொடுப்பதற்குச் சமம்.

சமவெளியில் உயிர்காத்த வேலை மலையில் உயிரெடுக்கும் வேலையானது.

சீபீல்டில் மண்ணுக்கடியில் ஓடிய நீர்

இந்தச் சிக்கலுக்கு விடை தேடப்பட்ட இடங்களில் ஒன்று சீபீல்டு தோட்டம். இன்றைய சுபாங் ஜெயாவும் யூஎஸ்ஜேயும் எழுந்து நிற்கும் நிலம்தான் அது. தோட்டம் மறைந்த பின்னும் சீபீல்டு மாரியம்மன் ஆலயம் அந்தப் பெயரைச் சுமந்து நின்றது. தொற்றுநோய்க்கு அஞ்சிய தோட்டத்து மக்கள் மாரியம்மனை எல்லைக்குள் குடிவைத்ததன் பொருள், இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கையில் இன்னும் நன்றாக விளங்கும்.

வெயில் படும் நீர்தான் மாக்குலாட்டஸுக்கு வேண்டும் என்றால், நீரை வெயிலின் கண்ணில் படாமல் மறைத்துவிட்டால் என்ன? இதுதான் வாட்சனின் எண்ணம். பள்ளத்தாக்கின் அடியில் சுட்ட மண்குழாய்களை ஒன்றையடுத்து ஒன்றாக அடுக்கி, மேலே மண்ணை மூடினார்கள். ஊற்றுநீர் குழாய்களின் இணைப்பு இடைவெளி வழியாக உள்ளே இறங்கி நிலத்துக்கடியிலேயே ஓடிவிடும். மேலே உலர்ந்த தரை. கொசு முட்டையிட ஒரு சொட்டு நீர் இருக்காது.

நல்ல முறைதான், செலவு அதிகம். எல்லா நிர்வாகமும் அந்தப் பணத்தைப் போட முன்வரவில்லை. அதனால் எண்ணெய் தெளிக்கும் முறையும் பரவியது. நீரின் மேல் எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவினால் கொசுப்புழு மூச்சுவிட முடியாமல் சாகும். புழு கொசுவாக மாறுவதற்குள் மறுபடியும் தெளிக்க வேண்டும் என்பதால் வாரந்தோறும் செய்ய வேண்டிய வேலை அது. முதுகில் தகரத்தோடு காண் ஓரமாக நடந்து எண்ணெய் தெளித்த தொழிலாளர்களைத் தோட்டத்து மூத்தவர்கள் சிலர் இன்னும் நினைவில் வைத்திருக்கக்கூடும்.

வாட்சன் கண்டதை ஒரு கொள்கையாகச் சுருக்கலாம். எல்லாக் கொசுவையும் எல்லா இடத்திலும் ஒழிக்க முயல வேண்டாம். இந்த இடத்தில் நோயைப் பரப்பும் கொசு எது என்று முதலில் கண்டுபிடி; அதற்கு எந்த நீர் பிடிக்கும் என்று பார்; அந்த நீரை மட்டும் மாற்று. அண்டை நாடான டச்சுக் கிழக்கிந்தியாவில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், சுவெல்லென்கிரேபல் என்ற ஆய்வாளர் இதை மேலும் வளர்த்து, கொசு இனத்துக்கேற்ற சுகாதாரம் என்று ஒரு முறையாகவே வகுத்தார்.

உயிரின் விலை

வாட்சனின் பணியைப் போற்றும்போது ஒன்றை மறந்துவிடக்கூடாது. 1911-இல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டத் தொழிலாளர்களிடையே இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 63. ஐந்நூறு பேர் வேலை செய்யும் தோட்டம் என்றால் மாதத்துக்கு இரண்டு அல்லது மூன்று சாவு. இது சராசரிதான். மலைத் தோட்டங்கள் சிலவற்றில் நிலைமை இதைவிடப் பன்மடங்கு மோசம்.

1915-இல் அந்த விகிதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 17-ஆக இறங்கியது. இதை வாட்சன் ஒருவரின் சாதனையாகச் சொல்வது சரியாகாது. 1910-இல் சஞ்சிக்கூலி முறைக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. 1911-இல் மலேரியா ஆலோசனை வாரியம் அமைந்தது. 1912-இன் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்களின் மருத்துவப் பொறுப்பை இறுக்கியது. கோலாலம்பூரில் 1900-இல் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஆய்வாளர்களும் கொசு இனங்களையும் பிற நோய்களையும் ஆராய்ந்து வந்தனர். இவை எல்லாம் சேர்ந்துதான் சாவு குறைந்தது.

நிர்வாகங்கள் ஏன் பணம் செலவழித்தன என்பதையும் நேராகப் பார்க்க வேண்டும். ஆளை அழைத்துவரச் செலவு. அவர் காய்ச்சலில் படுத்தால் பால் வெட்ட ஆளில்லை. அவர் இறந்தால் இன்னொருவரை அழைத்துவர மறுபடியும் செலவு. காண் வெட்டுவது அதைவிட மலிவு என்று புரியவைத்ததில்தான் வாட்சனின் சாமர்த்தியமும் இருந்தது. அவர் முதலாளிகளின் மொழியில் பேசினார். கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். மனிதாபிமானம் மட்டும் பேசியிருந்தால் குழாய் பதிக்கப் பணம் கிடைத்திருக்குமா என்பது ஐயம்தான்.

கிள்ளான் சதுப்பில் இடுப்பளவு சேற்றில் இறங்கிக் காண் வெட்டியவர்களும், சீபீல்டு பள்ளத்தாக்கில் குழாய் சுமந்தவர்களும், வாரந்தோறும் எண்ணெய் தெளித்தவர்களும் தொழிலாளர்களே. வாட்சனின் பெயர் நூல்களில் இருக்கிறது. அவர்களுடைய பெயர்கள் இல்லை. நோயைச் சுமந்தவர்களும் நோயை விரட்டிய உழைப்பைத் தந்தவர்களும் ஒரே மக்கள்தாம்.

மலாயாவிலிருந்து ஆப்பிரிக்கா வரை

தம் ஆய்வுகளை வாட்சன் 1911-இல் ஐக்கிய மலாய் மாநிலங்களில் மலேரியாத் தடுப்பு பற்றிய நூலாக வெளியிட்டார். அதன் விரிவான இரண்டாம் பதிப்பு 1921-இல் வந்தது. பனாமாக் கால்வாய்ப் பகுதி உள்ளிட்ட இடங்களின் அனுபவத்தையும் சேர்த்து, வெப்பமண்டல ஊர்ப்புறச் சுகாதாரம் பற்றி 1915-இல் இன்னொரு நூல் எழுதினார். 1924-இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

1928 வாக்கில் மலாயாவை விட்டுச் சென்று லண்டன் ரோஸ் ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தார். ரொனால்டு ரோஸ் 1932-இல் மறைந்த பிறகு அதன் இயக்குநர் பொறுப்பும் அவருக்கு வந்தது. 1929 முதல் வட ரொடீசியாவின், அதாவது இன்றைய சாம்பியாவின், ரோவன் ஆண்டிலோப் செப்புச் சுரங்கப் பகுதியில் மலேரியாவைக் கட்டுப்படுத்தும் பணிக்கு வழிகாட்டினார். அங்கும் முதல் கேள்வி கிள்ளானில் கேட்ட அதே கேள்விதான்: இங்கே நோயைப் பரப்பும் கொசு எது, அது எந்த நீரில் பிறக்கிறது? 1955 டிசம்பரில் வாட்சன் காலமானார்.

பழைய பாடம், புதிய காய்ச்சல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி மருந்து வந்தது. தீபகற்ப மலேசியாவில் 1967-இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. சிங்கப்பூர் 1982-இல் மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா, உள்நாட்டுத் தொற்றாக, 2018 முதல் பதிவாகவில்லை. வாட்சனின் காலத்தில் எவரும் கற்பனை செய்திருக்க முடியாத நிலை இது.

ஆனாலும் கதை முடியவில்லை. குரங்குகளிடம் இருந்த 'நோலெசி' என்ற மலேரியாக் கிருமி மனிதரைத் தாக்குவது நம் நாட்டில் இப்போது முக்கியமான சிக்கல். சரவாக்கின் காப்பிட்டில் பேராசிரியர் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ் சிங் குழுவினர் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு இந்தக் கிருமி இருந்தது தெரியவந்தது. நுண்ணோக்கியில் வேறொரு மலேரியாக் கிருமியைப் போலவே தோற்றமளித்ததால் அதுவரை தவறாக அடையாளம் காணப்பட்டு வந்தது. அதன் பின் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டதாகப் பதிவாகியுள்ளது.

காட்டோரத்தில் வேலை செய்வோர், புதிதாகக் காடு வெட்டி செம்பனை நடும் இடங்களில் இருப்போர், மரம் வெட்டுவோர், காட்டுக்குள் மீன்பிடிக்கவும் வேட்டைக்கும் போவோர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். காடு சுருங்கச் சுருங்க, குரங்கும் கொசுவும் மனிதரும் ஒரே விளிம்பில் நெருங்கி வாழ நேர்கிறது. நிலத்தை மாற்றினால் நோயும் மாறும் என்று நூறாண்டுகளுக்கு முன் சிலாங்கூர்க் குன்றுகளில் தெரிந்த பாடம் வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது.

நோலெசிக் கிருமி இரத்தத்தில் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவது. ஆகவே நோய் விரைவில் முற்றக்கூடும். காட்டுப் பக்கம் போய் வந்தவருக்குச் சில நாள்களிலோ வாரங்களிலோ காய்ச்சலும் குளிரும் தலைவலியும் வந்தால், 'டிங்கியாக இருக்கும், பார்ப்போம்' என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. கிளினிக்கிலோ அரசு மருத்துவமனையிலோ இரத்தச் சோதனை செய்து கொள்வதோடு, எங்கே போய் வந்தோம் என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். 'எந்த இடத்திலிருந்து வருகிறீர்கள்?' என்ற கேள்வியைப் பதிவேட்டில் எழுதி வைத்ததில்தான் கிள்ளானில் எல்லாம் தொடங்கியது. நல்ல மருந்துகள் இருக்கும் இந்தக் காலத்திலும், அந்தக் கேள்விக்கு நாம் தரும் பதில் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

மால்கம் வாட்சன்: ஆண்டுகள் ஒரு பார்வையில்

1873: ஸ்காட்லாந்தில் பிறப்பு.

1900: மலாயா மருத்துவச் சேவையில் சேர்க்கை.

1901: கிள்ளான் மாவட்ட மருத்துவர், கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மலேரியாத் தடுப்புப் பணிக்குத் தொடக்கம்.

1908 வாக்கில்: அரசுப் பணியிலிருந்து விலகி, தோட்டங்களின் மருத்துவராகப் பணி.

1911: மலேரியாத் தடுப்பு நூலின் முதல் பதிப்பு.

1924: 'சர்' பட்டம்.

1928 வாக்கில்: லண்டன் ரோஸ் ஆய்வுக் கழகத்தில் பணி.

1955: மறைவு.